வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரு ஜாமீன்

ஹென்ட்ரிக் அன்று காலை செய்த முதல் தவறு, அந்த மஞ்சள் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியதுதான். அது தவறு என்பது மதியச் சாப்பாடு வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

பெரிய உறை. மேலே வாடகை ஏஜென்சியின் பெயர் சிவப்பு எழுத்தில், எதிர் நடைபாதையிலிருந்தே படிக்கிற அளவுக்கு இருந்தது. உள்ளே ஒரு ஜாமீன் படிவம். சொந்த வீடு உள்ள யாராவது ஒருவர், "இந்த ஆள் வாடகை கொடுக்காவிட்டால் என் வீட்டின் மீது கை வையுங்கள்" என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்துருங்க, என் ராசா. வரிசையில இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க" என்று ஏஜென்சிப் பெண் சொல்லியிருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை.

ராட்டர்டாம் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹென்ட்ரிக். ஆறு வாரம் சுற்றிப் பார்க்கலாம் என்று கொலம்பியா வந்தார். மெதெயீன் நகரத்தை ஒட்டிய என்விகாதோவில் ஒரு அறை எடுத்தார். நான்கு வருடம் ஆகிவிட்டது. அவருடைய பெயர் நாக்கில் நிற்காததால் தெரு அவரை, மரியாதைக்கு முன்னால் ஒரு "தோன்" சேர்த்து, "தோன் என்ரிக்கே" ஆக்கிக்கொண்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் ஒரு வீடு அகப்பட்டது. அது கைவிட்டுப் போனால், ஜாமீன் கேட்காமல் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடும் வீடுகள் மெதெயீனின் மறுகோடியில்தான். நீச்சல் குளமும் லிஃப்ட்டும் உண்டு. லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு தெருவில் நடந்தால் பத்து பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் உலகத்தில் அவருக்கு இது ஒன்றுதான். அறுபத்து மூன்று வயதில் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கும் தெம்பு அவருக்கு இல்லை.

யாரைக் கேட்பது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தார். முதலில் முடிதிருத்தும் ஆர்ஹிரோ. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து டோமினோ ஆடுகிற நண்பர். அங்கே ஆகாவிட்டால் மருந்துக்கடை ஒர்ஃபிலியா.

ஆர்ஹிரோவின் கடையில் எப்போதும் நாற்பது நிமிடம் ஆகும். முடி வெட்டப் பத்து நிமிடம், மீதி கால்பந்து. அன்று ஹென்ட்ரிக் நாற்காலியில் உட்கார்ந்து உறையை மடியில் வைத்ததும் ஆர்ஹிரோவின் கண் ஒருமுறை அதில் விழுந்தது. அவ்வளவுதான். கத்தரிக்கோலுக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் இவ்வளவு அவசரம்?"

"கரண்டு போயிடும்னு சொன்னாங்க, தோன் என்ரிக்கே. தலையை ஆட்டாதீங்க."

"கத்தரிக்கோலுக்கு எதுக்குக் கரண்டு?"

"கண்ணாடிக்கு மேல விளக்கு இருக்குல்ல. அப்புறம் பாத்தீங்களா, நேத்து கோல்கீப்பர் பண்ணுன வேலையை? என் மாமியார் நின்னிருந்தாகூடப் பிடிச்சிருப்பாங்க. அவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை."

மூச்சு விடாமல் பேசினார். ஆனால் ஹென்ட்ரிக் வளர்ந்த ஊரில் கேட்க வேண்டியதை நேராகக் கேட்டுவிடுவார்கள்.

"ஆர்ஹிரோ, எனக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும். நீங்க போடுவீங்களா?"

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"என்ன கேள்வி இது? உங்களுக்குப் போடாம யாருக்குப் போடுவேன்? சந்தோஷமா போடுறேன். நாளைக்கு உக்காந்து பேசுவோம்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கடைசி."

"அதனால என்ன, நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லி, கழுத்துத் துணியை உதறி, ஆர்ஹிரோ அவரை எழுப்பி நிறுத்திவிட்டார். காதுக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு கொத்து முடி அப்படியே நின்றது. ஆறு நிமிடம்.

இந்த ஊரில் "முடியாது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது ஹென்ட்ரிக்குக்குத் தெரியும். "நாளைக்கு" என்றால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். நெஞ்சில் ஏதோ சின்னதாக இறங்கியது.

மின்சாரக் கட்டணம் கட்டும் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி வணக்கம் சொன்னாள். உறையைப் பார்த்தாள். "நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட்டாள். அவளுக்கு முன்னால் நின்றவரும் வழிவிட்டார். முப்பது பேர் நின்ற வரிசையில் கால் மணியில் வேலை முடிந்தது. வயசுக்கு மரியாதை தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மருந்துக்கடையில் ஒர்ஃபிலியா அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். பிறகு உறையைக் கண்டாள்.

"வாங்க, என் ராசா. முகமே சரியில்லையே. முதல்ல ரத்த அழுத்தம் பாப்போம்."

"எனக்கு ஒண்ணுமில்லை. நான் வந்தது..."

"பேசக் கூடாது. பேசினா அளவு தப்பா காட்டும்."

கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். அப்படியே கட்டிவிட்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடம் கழித்து வந்து மானியைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"ஏறியிருக்கு. இந்த மாதிரி நேரத்துல பெரிய விஷயம் எதுவும் பேசக் கூடாது. வீட்டுக்குப் போய் காலைத் தூக்கி வச்சுப் படுங்க. திங்கக்கிழமை வாங்க, பேசலாம்."

"ஒர்ஃபிலியா, ஒரே ஒரு கேள்வி."

"திங்கக்கிழமை, என் தங்கம்."

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. தேவாலயத்தின் எதிரே இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நான்கு வருடமாக இவர்களோடு காப்பி குடித்திருக்கிறார். ஒர்ஃபிலியாவின் பெண்ணுக்குப் பரீட்சை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆர்ஹிரோவின் தாய் செத்தபோது ஒன்பது நாளும் ஜெபத்துக்குப் போய், புரியாத பாட்டுக்கெல்லாம் வாயசைத்திருக்கிறார். வணக்கம் சொல்வதெல்லாம் சரிதான், நம்பிக் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு நான் இவர்களுக்கு யாருமில்லை என்று தோன்றியது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பசி போய்விட்டது.

பசி போனாலும் கால் வழக்கம்போல ஃபபியோலாவின் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போயிற்று. எட்டு மேஜை. போகிற நேரத்தில் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும், எதிரே யார் இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை என்றால் ராஜ்மா குழம்பு, சோறு, பொரித்த பன்றித்தோல், வாழைப்பழ வறுவல், சோள ரொட்டி. கடைக்காரி ஃபபியோலா ஐம்பது தாண்டியவள். குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

தட்டை வைத்தவள் உறையைப் பார்த்ததும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஆக, நிஜம்தான். காலையிலேர்ந்து இதைக் கையில பிடிச்சுக்கிட்டா ஊரைச் சுத்துறீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஏனா? அந்த உறையைப் பாத்தா இந்தத் தெருவுல கல்யாண மாப்பிள்ளைகூட சுவர் ஏறிக் குதிச்சு ஓடிருவான். ஜாமீனுக்கு ஆள் தேடுறவங்க அதைச் செய்தித்தாளுக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போவாங்க. நீங்க திருவிழாக் கொடி மாதிரி தூக்கிட்டு வர்றீங்க."

எதிர் நாற்காலியில் இருந்த தபால்காரர் சிரிப்பை அடக்கச் சோற்றை வாய் நிறைய அள்ளிக்கொண்டார்.

வரிசையில் வழிவிட்ட முப்பது பேரும் ஹென்ட்ரிக்கின் நினைவுக்கு வந்தார்கள். கரண்டியைக் கீழே வைத்தார்.

"புரியுது. யாருக்கும் என் மேல நம்பிக்கை இல்லை."

ஃபபியோலா பதில் சொல்வதற்குள் வாசலில் ஆர்ஹிரோ தலையை நீட்டினார். ஹென்ட்ரிக்கைப் பார்த்தார். தலையை இழுத்துக்கொண்டார்.

"ஆர்ஹிரோ" என்றாள் ஃபபியோலா. "உள்ள வந்து உக்காரு. இந்த மனுஷன் உன்னைப் பத்தி என்ன நினைச்சிட்டு இருக்காருன்னு கேளு."

ஆர்ஹிரோ வந்து பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார்.

"தோன் என்ரிக்கே, உங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போடுவேன். ஆனா வீடு என் பேர்ல இல்லை."

"முப்பது வருஷமா அங்கதானே இருக்கீங்க?"

"இருக்கேன். பத்திரம் எங்க அப்பா பேர்ல இருக்கு. அவர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. நாங்க கூடப்பிறந்தவங்க பதினோரு பேர். பாகம் பிரிக்க எல்லாரும் வரணும். ஒருத்தன் ஸ்பெயின்ல. ஒருத்தி எங்க இருக்கான்னே தெரியாது. ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பேசுறதில்லை. இதையெல்லாம் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

"அதுக்காகப் பாதி முடியோட அனுப்பிட்டீங்களா?"

"அதை நான் ராத்திரி வந்து சரி பண்றதா இருந்தேன்."

"ஒர்ஃபிலியா?" என்று கேட்டார் ஹென்ட்ரிக்.

"அவ வீடு வங்கியில அடமானத்துல இருக்கு" என்றாள் ஃபபியோலா. "கடையைப் பெருசாக்கினாள்ல, அப்ப வச்சது. ஊர் பூரா அவளைப் பணக்காரின்னு நினைக்குது, அவ எப்படிச் சொல்லுவா? என் வீட்டைக் கேக்காதீங்க. வித்தவர் ஒரு நோட்டுத் தாள்ல எழுதிக் குடுத்தாரு. கீழ ரெண்டு சாட்சி. ரெண்டு சாட்சியும் செத்தாச்சு."

தபால்காரர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "என் வீடு முன்னாள் பொண்டாட்டி பேர்ல."

அடுத்த மேஜையிலிருந்து இன்னொரு குரல்: "எங்க வீட்டுக்குக் கதவு நம்பரே கிடையாது."

ஒவ்வொருவராக ஆரம்பித்து, சாப்பாட்டுக் கடையே தன் பத்திரக் கதையைச் சொல்ல ஆரம்பித்தது. ஹென்ட்ரிக் மேஜைக்கு மேஜை திரும்பித் திரும்பிக் கேட்டார். காலையில் நெஞ்சில் இறங்கிய கனம் மெல்லத் தளர்ந்தது. கரண்டியை எடுத்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார். ஆனால் படிவம் வெறுமையாகத்தான் இருந்தது. மணி ஒன்றரை.

"அப்ப வில்லங்கம் இல்லாத வீடு யார்கிட்டதான் இருக்கு?"

கேட்டவர் ஹென்ட்ரிக். எல்லோரும் தெருக்கோடிப் பக்கம் திரும்பினார்கள்.

"தோன் லிபார்தோ" என்றார் ஆர்ஹிரோ, மெதுவாக.

தெருக்கோடியில் பச்சை பால்கனி வைத்த வீடு. சொந்தமாக இரண்டு பேருந்து ஓட்டிச் சம்பாதித்து, அவற்றை விற்றுவிட்டு, மனைவியும் போன பிறகு தனியாக இருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரர். அவர் வீட்டில் அடமானம் இல்லை, பங்காளி இல்லை. மாதாமாதம் வில்லங்கச் சான்று எடுத்து, யாரும் வீட்டைத் திருடிவிடவில்லையே என்று சரிபார்ப்பவர்.

"ஆனா அவர் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கையெழுத்து போட்டதில்லை" என்றாள் ஃபபியோலா. "சொந்த மச்சானுக்கே போடலை. அதனால கவனமாப் போகணும். சீஸ் பன் வாங்கிக்குங்க. மூணரைக்கு, சாக்லேட் குடிக்கிற நேரத்துக்குப் போங்க. உறை இங்கயே இருக்கட்டும். அவர் உடம்பை விசாரிங்க, மழையை விசாரிங்க. கையெழுத்துப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. எடுத்தீங்களோ, போச்சு. அவரா கேக்கணும்."

"அஞ்சு மணிக்கு ஏஜென்சி மூடுறாங்களே."

"அதுக்காக? காரியத்தோட போய் ஒரு வீட்டுக்குள்ள விழுவாங்களா? உங்க ஊர்ல பழக்கமோ என்னமோ."

மூன்றரைக்கு ஹென்ட்ரிக் சூடான பொட்டலத்தோடு அந்தக் கதவைத் தட்டினார். திறந்தவர் உயரமான, வற்றிப்போன மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. வலது முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"தோன் என்ரிக்கே. வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

சாக்லேட் வந்தது. அதில் சீஸ் துண்டு மிதந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். சுவரில் பெண்டுலம் வைத்த கடிகாரம். மூன்று ஐம்பது.

"உங்க நாட்டுல மலையே இல்லையாமே?"

"இல்லை. தட்டை."

"அப்ப யார் வீட்டுக்கு வர்றாங்கன்னு முந்தின நாளே தெரிஞ்சிடும்."

"கிட்டத்தட்ட."

"தண்ணி வீட்டைவிட உசரத்துல நிக்குமாம். ராத்திரி எப்படித் தூங்குறீங்க?"

"கரை கட்டியிருக்கோம். தினமும் ஆள் பாக்குறாங்க."

லிபார்தோ தலையாட்டினார். சும்மா இருந்தார். ஹென்ட்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பத்து. இன்னொரு பன் சாப்பிட்டார். மூன்றாவது பன். கேள்வி தொண்டையில் நின்றது, பன்னைச் சாப்பிட்டு அதைக் கீழே தள்ளினார். லிபார்தோ நாற்காலியில் முன்னால் சாய்ந்து, ஏதோ எதிர்பார்ப்பவர்போல அவர் முகத்தைப் பார்த்தார். ஹென்ட்ரிக் அவசரமாக, "இந்த வருஷம் மாம்பழம் எப்படி?" என்று கேட்டார்.

"சுமார்" என்றார் லிபார்தோ, பின்னால் சாய்ந்தபடி.

நான்கு முப்பத்தைந்துக்குக் கதவைப் படபடவென்று யாரோ தட்டினார்கள். ஃபபியோலா. ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் மஞ்சள் உறை.

"இன்னும் இங்கயேதான் உக்காந்திருக்கீங்களா?"

"நீங்கதானே கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

லிபார்தோ கோப்பையை வைத்தார். "கேக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? ஒரு மணி நேரமா இந்த மனுஷன் வாயைத் திறப்பாருன்னு காத்துக்கிட்டு இருக்கேன். விஷயம் மத்தியானமே பேக்கரில சொல்லிட்டாங்க."

"அப்ப நீங்களே கேட்டிருக்கலாமே" என்றார் ஹென்ட்ரிக்.

"பன் வாங்கிட்டு என்னைப் பாக்க வந்தவர்கிட்ட, உமக்கு என்ன வேணும்னு கேக்கறதா? அப்படியெல்லாம் எங்க வீட்டுல வளர்க்கலை."

ஃபபியோலா உறையை லிபார்தோவின் பக்கம் நீட்டினாள். "நீங்க யாருக்கும் கையெழுத்து போட மாட்டீங்கன்னு இந்த ஊரே சொல்லுது, தோன் லிபார்தோ."

"யாரு கேட்டா? முப்பது வருஷமா ஆளுங்க வர்றாங்க. பன் கொண்டு வர்றாங்க, சாக்லேட் குடிக்கிறாங்க, மழையைப் பத்திப் பேசுறாங்க, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாங்க. என் மச்சான் ஆறு தடவை வந்தான். என்னதான் வேணும்னு அவன் சாகுற வரைக்கும் சொல்லலை."

ஹென்ட்ரிக் எழுந்து நின்றார். உறையை ஃபபியோலாவின் கையிலிருந்து வாங்கினார்.

"தோன் லிபார்தோ, எனக்கு ஜாமீன் கையெழுத்து வேணும். வாடகையை ஒரு மாசம்கூடத் தவற விட மாட்டேன். ஆனா தவறினா உங்க வீட்டுக்கு ஆபத்து, அதையும் சொல்லிடுறேன். போடுவீங்களா?"

"அது எனக்குத் தெரியாதா? இருங்க, சான்றை எடுத்துட்டு வர்றேன். போன வாரம்தான் எடுத்தேன்."

கையெழுத்துக்கு முத்திரை வாங்க வேண்டிய நோட்டரி அலுவலகம் மூன்று தெரு தள்ளி. லிபார்தோவின் முழங்காலுக்கு அது முப்பது தெரு. ஃபபியோலா ஒரு பக்கம், ஹென்ட்ரிக் ஒரு பக்கம். கைரேகை இயந்திரம் கிழவரின் விரலை இரண்டு முறை ஏற்க மறுத்தது. ஸ்டியரிங் பிடித்துத் தேய்ந்த விரல். "நெத்தியில தேய்ச்சுட்டு வைங்க, தாத்தா" என்றான் குமாஸ்தா. தேய்த்தார். பச்சை விளக்கு வரவில்லை. "மூக்கு ஓரத்துல." தேய்த்தார். விளக்கு எரிந்தது. முத்திரை விழும்போது நான்கு ஐம்பத்தெட்டு.

ஏஜென்சியின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. ஃபபியோலா குனிந்து உள்ளே நுழைந்து, "பெரியவர் ஒருத்தர் வந்திட்டு இருக்காரு, கதவைத் தூக்கு மகளே" என்றாள். உள்ளே அந்தப் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஏழு. பெருமூச்சு விட்டுக் கைப்பையைக் கழற்றினாள்.

காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "எல்லாம் சரியா இருக்கு. ஒரு இடம் மட்டும் நிரப்பலை. ஜாமீன்தாரருக்கு வாடகைதாரரை எத்தனை காலமாத் தெரியும்?"

ஹென்ட்ரிக் ஃபபியோலாவைப் பார்த்தார். ஃபபியோலா கூரையைப் பார்த்தாள். இன்று மூன்றரை மணிக்கு முன்னால் இந்த மனிதரோடு தான் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதை ஹென்ட்ரிக் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வாயைத் திறந்தார்.

"நாலு வருஷம்" என்றார் லிபார்தோ.

"தோன் லிபார்தோ..."

"நாலு வருஷம், எழுதுங்க" என்றார் கிழவர், அந்தப் பெண்ணிடம். "தினமும் காலையில ஏழரைக்கு என் பால்கனிக்குக் கீழ போவார். மழை பெஞ்சா நீலக் குடை. ஒரு தடவை காய்ச்சல்னு நினைக்கிறேன், மூணு நாள் காணோம். எனக்குக் காப்பி இறங்கலை. நாலாம் நாள் வந்தார். பேக்கரி வாசல்ல ஒரு நாய்க்கு ரொட்டியைப் பிச்சுப் போட்டுட்டு, யாராவது பாக்குறாங்களான்னு திரும்பிப் பாப்பார். மேல பாக்க மாட்டார். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. எனக்கு அவரைத் தெரியும்."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. நான்கு வருடம். முத்திரை.

"திங்கக்கிழமை சாவி வாங்கிக்குங்க, என் ராசா. வெளிய போங்க, எனக்கு பஸ் போயிடும்."

தெருவில் விளக்குகள் போட்டிருந்தார்கள். ஃபபியோலா கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து ஓடினாள். ஹென்ட்ரிக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். நன்றி சொல்ல வார்த்தை தேடினார்.

"மூணாவது மாடின்னு போட்டிருந்துச்சு" என்றார் லிபார்தோ. "அது எனக்கு ஆகாது. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க ஏறுறது?"

"நான் வர்றேன் உங்க வீட்டுக்கு."

"வாங்க."

"எப்ப?"

கிழவர் நடப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். சிரிப்பு உதட்டின் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தது.

"நாளைக்கு" என்றார். பிறகு ஏதோ யோசித்தவர்போல, ஹென்ட்ரிக்கின் முழங்கையை அழுத்தி, "நாலு மணிக்கு. நிஜ நாளைக்கு" என்றார்.